அரபுக்காரம்மாவின் நோன்பு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு வேலைக்கு இருந்தபோது, எங்கள் வெள்ளைக்கார டாக்டர் மிஸ்ஸியம்மா என்னைப் பற்றி மேலே எழுதி அனுப்பிய கடிதத்தில், "கை சுத்தம், வேலை சுத்தம், நாக்கு மட்டும் அடங்காது" என்று இருந்ததாம். பெரிய நர்சு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த நாக்கு ஒரு நாள் என்ன காரியம் செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். நானே போதுமான அளவு திட்டியாகிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஜெர்மன் சண்டை தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என் புருஷன் காலராவில் போய்விட்டார். என்னைக் கண்டால் மகன் ஞாபகம் வருகிறது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் வீட்டில் மதினிக்கு என் வாய் ஆகாது. ஆகவே ஆஸ்பத்திரி வளவுக்குள் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு சோற்றுப்பானை, ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே வந்தால் பத்துப் பேர், "என்னம்மா, சுகந்தானா?" என்பார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால், மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். வாயாடிக்கு அதைவிடத் தண்டனை உண்டா?

அந்த வருஷம் புரட்டாசியில் மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். கைலி நெய்து கொழும்புக்கு அனுப்புகிற குடும்பம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுத் தலைவிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தெருவே அவளை மாமி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். மாமியின் மருமகளுக்குத்தான் பேறு. தலைப்பிள்ளை, கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வந்தது. அதனால் பத்து நாள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று மிஸ்ஸியம்மா உத்தரவு.

இரண்டாம் நாள் போனபோது முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கிண்ணமோ செம்போ இருந்தது, நிறையத் தண்ணீரோடு. தண்ணீர் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாய்க்கால் அந்தப் பக்கம் புரண்டு ஓடுகிறதே என்றும் தோன்றியது.

"அதெல்லாம் மக்கத்து உம்மாட்ட ஓதி ஊதி வாங்க வந்திருக்காவ" என்றாள் மாமி. "பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு பால் கறக்கல, மாப்பிள்ளைட்ட இருந்து காயிதம் வரல, எதுக்குன்னாலும் இங்கனதான் வருவாவ."

மக்கத்து உம்மா என்றது மாமியுடைய தம்பி மனைவியை. தம்பி ஹஜ்ஜுக்குப் போனவர், ஜித்தாத் துறைமுகத்திலேயே துணி வியாபாரத்தைப் போட்டுக்கொண்டு தங்கிவிட்டார். அங்கே ஓர் அரபு விதவையை நிக்காஹ் முடித்தார். பத்து வருஷம் கழித்து, போன வருஷம் அவளோடு ஊருக்கு வந்தார். வந்த மாதமே அவளை அக்காள் வீட்டில் விட்டுவிட்டுக் கொழும்புக் கடையைப் பார்க்கப் போனவர், போனவர்தான். அவள் ஊர் மக்கா அல்ல, ஜித்தா. ஆனால் அந்தத் தெருவுக்கு அரபு நாடு என்றாலே மக்காதான்.

"அவியளுக்கு நம்ம பேச்சு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்க தெரியும்? வா, போ, தண்ணி, போதும். அம்புட்டுத்தான். ஆனா அவிய வாயில இருந்து வாரதெல்லாம் அரபுல்லா! வந்த மூணு மாசத்துல இருந்து நோம்பு மேல நோம்பா இருக்காவ. மூணு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணி, அதுக்கு மேல இறங்காது. படுக்கதே கிடையாது. ராவெல்லாம் உக்காந்தே அல்லா பேரைச் சொல்லித் திக்ரு செய்யுதாவ. வானத்து மலக்குல்லா எங்க வீட்டுக்கு வந்திருக்கு!" மாமி முகத்தில் பெருமை வழிந்தது.

நான் சிரித்திருப்பேன், ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. மிஸ்ஸியம்மா இங்கிலீஷில் இருமினால்கூட ஜெபம் என்று கண்ணை மூடுகிற ஆட்கள் எங்கள் சபையிலும் உண்டு.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரோரம் மூன்று தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்தும் சாயாமலும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். நல்ல உயரம், எடுப்பான மூக்கு, மருதாணி மங்கிப்போன விரல்கள். ஒரு பெண் கிண்ணத்தை முன்னால் நீட்டினாள். அந்த அம்மா உதடு அசைய ஓதி, தண்ணீரில் ஊதினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "யா ரப்பி, யா ரப்பி" என்று முனகினார். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஆமீன்" என்றார்கள்.

எனக்கு ஆமீன் வரவில்லை. அந்த முனகலை நான் தினமும் வார்டில் கேட்கிறவள். அது எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

பெண்கள் போனதும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றிப்பொட்டு இரண்டும் குழிந்து கிடந்தன. கை, குச்சி. காலை விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. அகலமான அரபு அங்கிக்குள் வயிறு மட்டும் பெருத்திருந்தது. கையை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். 'தொடட்டுமா?' என்று என் கண் கேட்டதை அவர் கண் புரிந்துகொண்டது. தானே அங்கியை விலக்கினார். வயிறு பறைத்தோல் மாதிரி விறைத்திருந்தது. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் தண்ணீர் அலை வந்து கையில் மோதியது. கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, கல் மாதிரி ஒரு கட்டி.

சாப்பிடாதது நோன்பு இல்லை. இரண்டு கவளத்துக்கு மேல் வயிற்றில் இடம் இல்லை. படுக்காதது தொழுகை இல்லை. படுத்தால் அந்தத் தண்ணீர் மேலே ஏறி மூச்சை அடைக்கும். ஒரு வீடு நிறைய ஆள் இருந்து, ஒரு தெரு நிறையக் கூட்டம் வந்து, ஒருத்திக்குக்கூட அந்த வயிறு கண்ணில் படவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சவத்த, இவர்களுக்கெல்லாம் கண் எதற்கு?

மாமியிடம் அன்றைக்கு நான் அடக்கமாகத்தான் சொன்னேன். "மாமி, இது வயித்துல தண்ணி கோத்த மகோதரம் மாதிரி இருக்கு. டாக்டரம்மா வந்து பாக்கட்டும்." மாமி வெலவெலத்துப் போனாள். மறுநாளே மிஸ்ஸியம்மா வந்தார்.

மிஸ்ஸியம்மா அரை மணி நேரம் பார்த்தார். திரும்பி வரும்போது வண்டியில் என்னிடம் சொன்னார். அவர் தமிழ் வேதப்புத்தகத் தமிழ். "சூல் உண்டாகிற பையிலே புற்று பிறந்திருக்கிறது. அது வயிறெங்கும் பரம்பியிருக்குமென்று அஞ்சுகிறேன். திறந்து பார்க்கலாம். திறந்தாலும் மூடுவதையன்றி வேறொன்றும் செய்யக் கூடாமற்போகலாம். அந்த ஸ்திரீயையே கேட்க வேண்டும்."

கேட்பது எப்படி? புருஷன் கொழும்பில். கடிதம் போட்டால் பதில் எப்போது வருமோ. அங்கேதான் ஆலிம் வந்தார்.

மேலப்பாளையத்தில் ஒரு மதரசாவில் ஓதிக்கொடுக்கிறவர். அறுபது வயதை நெருங்கினவர். நாற்பது வருஷம் அரபுக் கிதாபுகளிலேயே கிடந்தவர். மாமி ஆள் அனுப்பி அழைத்ததும், முதலில் வரமாட்டேன் என்றாராம். பயமாம். "வாழ்நாள்ல ஒரு அரபுக்காரவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினது இல்லியே, தப்பாப் பேசிட்டா என்ன செய்ய?" என்று கேட்டாராம். எப்படியோ சமாதானம் பண்ணிக் கூட்டிவந்தார்கள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே திரை போட்டோம். ஆலிம் அந்தப்பக்கம் கூடத்தில், நானும் மிஸ்ஸியம்மாவும் மாமியும் இந்தப்பக்கம்.

அவர் மூன்று தரம் தொண்டையைச் செருமினார். பிறகு நிறுத்தி நிதானமாக, கிதாபைப் பார்த்து வாசிக்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். அரபுக்காரம்மா கண்ணை அகலத் திறந்தார். அடுத்த கணம் குலுங்கிச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்ததை யாரும் பார்த்ததே இல்லையாம். வயிறு வலிக்க வலிக்க, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன, தப்பாச் சொல்லிட்டேனா?" என்று திரைக்கு அந்தப்பக்கம் ஆலிம் பதறினார். பிறகு அந்த அம்மா பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வருஷத்துப் பேச்சு அல்லவா! ஆலிம் நடுநடுவே, "பைய, பைய" என்று தமிழிலேயே கெஞ்சினார்.

மிஸ்ஸியம்மா கேட்கச் சொன்னதை எல்லாம் அவர் கேட்டார். பதில்களைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

"இது என்ன நோவுன்னு அவியளுக்கு முன்னாலயே தெரியுமாம். அவிய தாயாரும் வயிறு வீங்கித்தான் மவுத்தாப் போனாவளாம். தாயோட தங்கச்சியும் அப்படித்தானாம். ஜித்தாவுலயே ஆரம்பிச்சிட்டுதாம். மாப்பிள்ளைட்ட சொல்லல, சொன்னா கப்பல்ல ஏத்தாம விட்டுட்டு வந்திருவாரோன்னு பயமாம்."

மிஸ்ஸியம்மா தாயையும் தாயின் தங்கையையும் பற்றி இரண்டு தடவை கேட்டுத் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

"கத்தி வேண்டாங்குதாவ. தாய்க்கு ஒருத்தன் கீறிப் பார்த்தானாம், அதைக் கண்ணால பாத்தவியளாம். தண்ணிய மட்டும் எடுத்துவிடச் சொல்லுதாவ. மூச்சு விட முடியலியாம்."

அதற்குப் பிறகு ஒரு நீளமான பேச்சு. நான்தான், "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டேன்.

"வெளிய வார பொம்பளைகள்ட்ட இதைச் சொல்லாதீய அப்படிங்குதாவ" என்றார். "இங்க வந்த புதுசுல ஒருத்தரும் கிட்ட வரலியாம். அரபுக்காரவங்கன்னு ஒரு மரியாதை, வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருவாவளாம். மூணு மாசம் அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாவளாம். பொறவு சாப்பாடு இறங்கல. நோம்புன்னு யாரோ சொன்னாவளாம். அன்னைல இருந்துதான் சனம் வருதாம். 'நான் பெரிய ஓதினவ இல்ல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச அல்ஹம்து சூராவைத்தான் ஓதி ஊதுதேன். அது பொய்யில்ல. நோம்புன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, இல்லைன்னும் சொன்னதில்ல. நோவுன்னு தெரிஞ்சா என் பக்கத்துல யாரு வந்து உக்காருவா?' அப்படின்னு கேக்காவ."

மிஸ்ஸியம்மா தலையாட்டினார். மாமி உடனே தலையாட்டினாள். அவளுக்கு வீட்டுக் கவுரவம். ஆலிம் சத்தியம் செய்தார். நானும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தலையாட்டினேன். அந்த வீட்டில் அவர் கேள்வி உள்ளே போய்த் தைத்தது எனக்குத்தான். ஆளில்லாத அறை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை.

பத்து நாளைக்கு ஒரு தடவை மிஸ்ஸியம்மா வந்து, ஊசிக்குழாய் வைத்து வயிற்றுத் தண்ணீரை வாளியில் இறக்குவார். இரண்டு நாள் அந்த அம்மா நன்றாக மூச்சு விடுவார். கொஞ்சம் கஞ்சிகூடக் குடிப்பார். பிறகு மறுபடியும் ஏறும். நான் ஒன்றுவிட்டு ஒரு நாள், டூட்டி முடிந்ததும், பாளையங்கோட்டையிலிருந்து நடந்தே போய்விடுவேன். மருமகளுக்குப் பத்து நாள் முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. என்னைப் போகச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

போய் என்ன செய்வேன்? காலுக்கு எண்ணெய் தேய்ப்பேன். தலையணையைச் சரிசெய்வேன். பிறகு பேசுவேன். மதினியைப் பற்றி, பெரிய நர்சைப் பற்றி, செத்துப்போன புருஷனைப் பற்றி, வாய் வலிக்கப் பேசுவேன். அவருக்கு ஓர் எழுத்துப் புரியாது. அவரும் பேசுவார், அரபில். கையை இப்படி விரித்து ஒரு கடல், இப்படிக் குவித்து ஒரு பிள்ளை. அவருக்குப் பிள்ளை இருந்ததா, செத்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் அழுதால் முதுகைத் தடவுவார். அவர் முகம் சுண்டினால் நான், "ஆமாம்மா, ஆமா" என்பேன். என் ஆயுசில் என் நாக்கு யாரையும் புண்படுத்தாத இடம் அது ஒன்றுதான். இருட்டுவதற்குள் திரும்பவேண்டும் என்று எழுந்தால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் கிண்ணங்களோடு வருகிற கூட்டத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓதி ஓதி அந்த அம்மாவுக்கு உதடு வெளுத்துப் போகும். ஒரு கிண்ணம் ஊதி முடித்தால் நாலு மூச்சு வாங்கவேண்டும். ஆனாலும் அவர் ஒருத்தியையும் திருப்பி அனுப்பமாட்டார். அந்தப் பெண்கள் உள்ளே வந்தால் சும்மா போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போடுவார்கள். கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தலை வாரிவிடுவார்கள். அதெல்லாம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் எரிச்சல். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம். இப்போது யோசித்தால் கொஞ்சம் அல்ல.

மூன்றாவது தடவை தண்ணீர் எடுத்த அன்று மத்தியானம். அந்த முறை தண்ணீர் ரத்தம் கலந்து வந்தது. எடுத்து முடிப்பதற்குள் அந்த அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. ஊசி மருந்து போட்டு, தூங்கப் பண்ணிவிட்டு, மிஸ்ஸியம்மா கிளம்பிப் போனார். போகும்போது என்னிடம், "இனி அதிக நாட்கள் இல்லை" என்றார். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போக முற்றத்துக்கு வந்தேன். அங்கே பதினைந்து பெண்கள், கிண்ணங்களோடு.

"இன்னைக்கு முடியாது. எல்லாரும் போயிட்டு நாளைக்கு வாங்க" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு சின்னப்பெண், மூக்கொழுகுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், "நேத்தும் கூட்டத்துல எடம் கிடைக்காமத் திரும்பிப் போனேன். ஒரு ஊது ஊத எம்புட்டு நேரம் ஆவும்?" என்றாள். இன்னொருத்தி, "நோம்பு இருக்கவியளுக்கு அலுப்பு ஏது? நீங்க வேதக்காரவுக, ஒங்களுக்கு இது தெரியாது. தள்ளுங்க" என்றாள்.

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"நோம்பாவது ஒண்ணாவது!" என்று கத்தினேன். "இந்தா பாருங்க, இந்த வாளியப் பாருங்க. ஒங்க மக்கத்து உம்மா வயித்துல இருந்து இப்ப எடுத்த தண்ணி இது. வயிறெல்லாம் புத்து. சாப்பிட முடியல, அதான் சாப்பிடல. படுக்க முடியல, அதான் படுக்கல. சாகப்போற மனுசிய உக்கார வச்சு ஊது ஊதுன்னு உசிர எடுக்கியளே, ஒங்களுக்கெல்லாம் கண்ணு இல்லியா?"

அந்தச் சின்னப்பெண்ணின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. வயதான ஒருத்தி நெஞ்சில் கை வைத்து, "யா அல்லா! நோவாளியையா நாம இத்தனை நாளும் பாடாப் படுத்துனோம்?" என்றாள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிண்ணத்துத் தண்ணீரைக்கூடக் கொட்டாமல், சிந்தாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக எழுந்து சத்தமில்லாமல் வெளியே போனார்கள். முற்றம் காலியாயிற்று. மாமி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "அந்த அம்மாட்ட தலைய ஆட்டினீயளே" என்றாள். நான் வாளியோடு புறவாசலுக்குப் போனேன்.

மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். நோவாளியைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று இருந்தார்கள். வாசல்வரை வந்து, மாமியிடம் குசுகுசுவென்று விசாரித்துவிட்டு, கஞ்சியும் ரசமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே தூங்குகிறவருக்குக் கேட்கக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவரால் குடிக்க முடியாத கஞ்சி ஏழெட்டுச் சட்டியில் அடுக்களையில் ஆறிக்கிடக்கும். அறையில் ஒருவரும் இல்லை. மாமியும் வெட்கத்தில் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஊரை ஏமாற்றிவிட்டோம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

அரபுக்காரம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். காலடிச் சத்தம் கேட்டால் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காரப் பார்ப்பார். வருகிறது நானாக இருக்கும். முகம் மலரத்தான் செய்யும். மலர்ந்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் பார்க்கும். "வா... வா இல்ல?" என்று தமிழில் கேட்பார். நான் மழை என்பேன். ஐப்பசி மழை அந்த வருஷம் உண்மையிலேயே கொட்டியது. மழை நின்ற நாளிலும் மழை என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவர் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. கடைசியில் மாமியிடம் சொல்லி ஆலிமை வரவழைத்தேன்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஆலிம் திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்ததும் அதே வாக்கியத்தைச் சொன்னார். ஆலிம், "ஆரு சொன்னான்னு கேக்காவ" என்றார்.

முற்றத்தில் நடந்தது ஊருக்கே தெரியும். ஆலிமுக்கும் தெரியும். நான் திரையைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "டாக்டரம்மா சொன்னதாச் சொல்லிருங்க" என்றேன்.

"டாக்டரம்மாவா?"

"ஆமா. அவிய இனிமே இங்க வரப்போறதில்ல. சொல்லிருங்க." தண்ணீர் எடுக்கவும் இனி உடம்பில் தெம்பு இல்லை என்று மிஸ்ஸியம்மா நிறுத்தியிருந்தார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இந்த அம்மா முகம் என்னைப் பார்த்து மாறக்கூடாது, அவ்வளவுதான்.

ஆலிம் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு பேசினார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. கிதாபு பாஷையில் எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரபுக்காரம்மா கேட்டு முடித்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். எடை இல்லாத கை. என் தலையில் வைத்தார். பிறகு அந்த அல்ஹம்து சூராவை முதலிலிருந்து ஓதினார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்கு நிற்கவேண்டியிருந்தது. நின்று நின்று, கடைசி வரை ஓதினார். என் நெற்றியில் ஊதினார். காற்று வந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது, அத்தனை மெலிசாக இருந்தது.

தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாம் விட்டுப்போனபோது இவள் ஒருத்தி விடாமல் வந்தாளே என்று ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்தேன். திருடியைக் கூப்பிட்டு நகையைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அறைக்கு வந்து அழுதேன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் கேட்பது சுலபமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அவர் இறந்துபோனார். நான் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். செய்தி வந்து, ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் கால் வைக்க இடம் இல்லை. தெரு முழுக்க வந்திருந்தது. குளிப்பாட்டுகிறவர்கள், ஓதுகிறவர்கள், அழுகிறவர்கள். மூக்கொழுகுகிற பிள்ளையோடு நின்றாளே, அந்தச் சின்னப்பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் போன வாரம் வந்து உட்கார்ந்திருக்கக்கூடாதா என்று எனக்கு வயிறெரிந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் ஏது? வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நாற்பது நாள் கழிந்திருக்கும். மேலப்பாளையம் கடைத்தெருவில் ஆலிமை எதிரே பார்த்தேன். குடையும் கிதாபுமாக வந்தார். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போயிருப்பேன், மனசு கேட்கவில்லை.

"அன்னைக்கு ஒங்களையும் பொய் சொல்ல வச்சுட்டேன்" என்றேன். "அது என் பாவம். ஒங்க கணக்குல வராது."

அவர் நின்றார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். "நான் பொய் சொல்லலியேம்மா."

"பொறவு?"

"நாப்பது வருஷம் ஓதின பாஷை. முத முதல்ல ஒரு ஆத்மாகிட்ட அதுல பேசக் கிடைச்சுது. அதுலயா பொய் சொல்லுவேன்? மனசு வரல. 'ஒங்க பக்கத்துல உக்காந்திருக்காளே, இந்தப் பொண்ணுதான் சொன்னா. ஒங்க பாடு பொறுக்காம, கோவத்துல சொல்லிட்டா. இப்ப ஒங்ககிட்ட ஒத்துக்கிட பயப்படுதா' அப்படின்னுதான் சொன்னேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். நீர் யார் சொல்ல என்று கேட்க வாய் திறந்தேன். வேறு கேள்விதான் வந்தது.

"அதுக்கு அவிய என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. நீங்கதான் பாத்தீயளே. தலையில கைய வச்சாவ."

கடைத்தெரு என்றும் பார்க்காமல் அங்கேயே நின்று அழுதேன். ஆலிம் என்ன செய்வதென்று தெரியாமல், வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடையை விரித்து, எனக்கும் சனத்துக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு நடந்தேன். வழியெல்லாம் இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நான் சொன்னால் உட்கார்ந்து கேட்கிற ஆள் எனக்கு ஒருவர்தான் இருந்தார். அவர் மையவாடியில், மண்ணுக்குள் இருந்தார்.